தனிப் பயிற்சி

எண்ணினேன். பதின்மூன்று.

பிள்ளைகளை மறுபடி வரிசையில் நிறுத்தி, இந்தத் தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதின்மூன்று குரல்கள் வந்தன. மூன்று மணிக்கு மைதானத்துக் கேற்றைத் திறந்து நான் உள்ளே விட்டது பதினான்கு பேரை.

கரவெட்டிப் பக்கம், தோட்டங்களுக்கு நடுவில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் மைதானம். சனிக்கிழமை, நாலரை மணி இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் நீர் இறைக்கும் மோட்டர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை இன்றைக்குக் கேட்டாலும் தலைகளை எண்ணத் தொடங்கிவிடுவேன்.

“வதனி எங்கை?”

எல்லாரிலும் சின்னவளான துளசிதான், ஒன்பது வயது, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு சொன்னாள்.

“தண்ணி குடிக்கப் போனவ, ரீச்சர்.”

“எப்ப?”

“அப்பவே.”

நான் படிப்பிக்கிற ரீச்சர் அல்ல. ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவள். பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்து விளையாடியதற்குச் சாட்சியாக ஒரு பழுதான முழங்கால் உண்டு. அதுதான் என் தகுதி. இந்தப் பிள்ளைகள் ஒரு சிறுவர் இல்லத்தில் வளர்பவர்கள். சனிக்கிழமைகளில் அவர்களை மைதானத்துக்குக் கூட்டிவந்து விளையாட விடுவது என் பொறுப்பு.

வதனி என்பது அவளுடைய பெயர் அல்ல. வயது, இடம் எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். மாற்றாமல் விட்டிருப்பது என் பிழையை மட்டும்.

மத்தியானச் சாப்பாடு

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள், திவசம், வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளை வந்தது, எதுவானாலும் ஒரு நேரச் சாப்பாட்டை ஓர் இல்லத்துக்குக் கொடுப்பது. அம்மாவின் திவசத்துக்கு நானும் அப்படித்தான் போனேன்.

பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று தேவாரம் பாடினார்கள். பிறகு எனக்கு நன்றி சொன்னார்கள், ஒரே குரலில், மனப்பாடமாக. எத்தனை பேருக்கு அந்த நன்றியைச் சொல்லியிருப்பார்களோ. சிலருக்குத் தாய் மத்திய கிழக்கில். சிலருக்குத் தகப்பன் இல்லை, அல்லது இருந்தும் இல்லை. சிலருக்கு வீட்டில் இருப்பதே ஆபத்து.

எல்லாரும் நீள மர வாங்குகளில் உட்கார்ந்து சாப்பிட்டபோது மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். விழுந்த கரண்டியை எடுக்கத்தான். பதினான்கு சோடிக் கால்களும் ஆடிக்கொண்டிருந்தன. மேலே முகங்கள் அசையாமல் சோறு தின்கின்றன, கீழே கால்கள் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கின்றன.

எனக்கும் ஓரிடத்தில் இருக்க ஏலாது. அந்தரம் பிடித்தவள் என்று வீட்டில் பெயர். அந்தக் கால்களைப் பார்த்தபின் அன்று இரவு முழுக்கப் படுத்துப் புரண்டேன்.

அடுத்த கிழமை இல்லப் பொறுப்பாளரான சிவமலர் அக்காவிடம் போய்க் கேட்டேன். “அக்கா, பிள்ளையள் எங்கை விளையாடுறவை?”

“முற்றத்திலைதான். ஓட விடுறேல்லை. கிணறு கிடக்கு.”

“சனிக்கிழமையிலை நான் கூட்டிக்கொண்டு போகட்டே?”

அவர் உடனே தலையாட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குப் பதினாலு பிள்ளையளின்ரை பொறுப்பு. ஆர் நிப்பினம், கதவு எங்கை, கக்கூசு எங்கை, எல்லாம் எனக்குத் தெரியவேணும். நீங்கள் அங்கை நிக்கிற எண்டால் முழு நேரமும் நிக்கவேணும்.”

“நிப்பன் அக்கா.”

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! சந்தேகம் பிடித்த மனுசி என்றுகூட அன்று மனதுக்குள் நினைத்தேன்.

அடி வெட்டிய வாளி

இதற்கு இவ்வளவு அந்தரப்பட்டது ஏன் என்று இவர், என் கணவர், கேட்டார். அதற்கு நான் பின்னோக்கிப் போகவேண்டும்.

போரில் ஊர் முழுக்க வெளியேறிய பெரிய இடப்பெயர்வின்போது எங்கள் குடும்பம் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒதுங்கியது. ஓர் அறையில் ஆறு குடும்பம். மழை. நனைந்த பாயின் மணம். எனக்கு அப்போது பேச்சே வராமல் போயிருந்தது. கேட்டால் தலையாட்டுவேன், அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் இருந்த ஓர் அக்கா ஒருநாள் உடைந்த பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். “வாடி, எறி” என்றார். பந்து எங்கிருந்து வந்தது என்று நினைவில்லை. எறிந்தேன். விழவில்லை. மறுபடி எறிந்தேன். பொழுது சாயும்வரை எறிந்தேன். அன்றிரவு அம்மாவிடம், “நாளைக்கும் மழை பெய்யுமே?” என்று கேட்டேனாம். அம்மா அழுததை மட்டும் நான் கண்டேன். ஏன் என்று விளங்கப் பல வருடம் எடுத்தது.

அதனால்தான் விளையாட்டு என்றால் எனக்கு நல்லது மட்டுமே தெரிந்தது. அங்கே கெட்டது நுழையும் என்று நினைக்க என் மூளைக்குப் பழக்கம் இல்லை.

ஒரு சோடிச் சப்பாத்து

கழகத்தில் பெண் பிள்ளைகளைப் பழக்க முன்வந்தவரைக் ‘கோச்’ என்றே எழுதுகிறேன். பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாற்பது வயதுக்குள். ஊரில் நல்ல பெயர். நன்றாகப் பழக்குவார், அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் மாதத்திலேயே பிள்ளைகளுடைய பாய்ச்சலும் பந்தைப் பிடிக்கிற வேகமும் மாறிவிட்டன.

வதனிக்குப் பன்னிரண்டு வயது. நெடுப்பமான பெட்டை, எறிந்தால் வளையத்தைத் தொடாமல் பந்து இறங்கும். கோச் அவளைத்தான் கூடக் கவனித்தார். ஒருநாள் அவளுக்கு மட்டும் புதுச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தார். எனக்குச் சந்தோசம். இப்படியும் மனிதர் இருக்கிறாரே என்று வீட்டில் வந்து சொன்னேன்.

என் முழங்காலைக் கண்டு ஒரு கதிரையும் கொண்டுவந்து வைத்தார். “அக்கா, நீங்கள் இருங்கோ. நான் பாக்கிறன்.”

எங்கேயும் இருக்க ஏலாத நான் அங்கே இருந்தேன்.

பிறகு ஒருநாள் சொன்னார். “இந்தப் பிள்ளைக்குப் புதன்கிழமையும் தனிப் பயிற்சி குடுக்கவேணும் அக்கா. மாவட்டத் தெரிவுக்குப் போடலாம்.” அந்தச் செய்தியைக் கொண்டு சிவமலர் அக்காவிடம் ஓடியது நான்தான். அவர் மறுத்தபோது கெஞ்சியதும் நான்தான்.

“நீங்களும் கூட நிண்டால் ஓம்,” என்றார் கடைசியில்.

முதல் புதன் நின்றேன். இரண்டாம் புதன் ஓட்டோவில் அவளை மைதானத்துக்கு அனுப்பும்படி சிவமலர் அக்காவிடம் சொல்லிவிட்டு, அலுவலகத்திலிருந்து நேரே வருவதாக இருந்தேன். கூட்டம் ஒன்று நீண்டுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது அரை மணித்தியாலம் பிந்திவிட்டது. வதனி கேற்றடியில் தனியே நின்றாள். கோச் உள்ளே பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். “இண்டைக்குப் போதும், பிள்ளைக்குக் களைப்பு,” என்றார்.

அதன்பிறகு அவள் சப்பாத்துப் போடவில்லை. கால் நோகுது என்றாள். பயிற்சியில் பந்தை நழுவவிட்டாள். அடுத்த புதன் வயிற்றுவலி என்றாள், அதற்கடுத்த புதன் தலையிடி.

நான் அவளைத் தனியே கூப்பிட்டேன். கேட்பதற்காக என்று எழுத ஆசைதான். கூப்பிட்டது ஏசுவதற்கு.

“உனக்கு எத்தினை பேர் உதவி செய்யினம் எண்டு தெரியுமே? மற்றப் பிள்ளையளுக்கு உது கிடைக்குதே?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “இல்லை, ரீச்சர்,” என்றாள். போய் வரிசையில் நின்றாள்.

அந்தச் சனிக்கிழமைதான் எண்ணிக்கை பதின்மூன்றானது.

நெல்லியடிச் சந்தி

தண்ணீர்த் தாங்கியடியில் இல்லை. கக்கூசுக்குள் இல்லை. கழகக் கட்டடத்தின் பின்பக்கம் இல்லை. சிவமலர் அக்காவுக்குப் போன் அடித்தேன். பத்து நிமிடத்தில் இரண்டு ஓட்டோவோடு வந்து இறங்கினார். ஒரு வார்த்தை ஏசவில்லை. “நான் இவையைக் கொண்டுபோறன். நீங்கள் தேடுங்கோ,” என்று பதின்மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்.

கோச் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “அந்தரப்படாதையுங்கோ அக்கா. உந்த இல்லத்துப் பிள்ளையள் உப்பிடித்தான். பசிச்சா வந்திடுவாள்.”

அவர் தேட வரவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஸ்கூட்டியை எடுத்தேன். வழியில் கண்ட கிணறு ஒவ்வொன்றிலும் இறங்கி எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் என் முகம்தான் தெரிந்தது. ஒரு தோட்டக்காரர், “என்ன துலைஞ்சது பிள்ளை, வாளியே?” என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த கிணற்றுக்கு ஓடினேன்.

நெல்லியடிச் சந்தியில், பருத்தித்துறை பஸ் நிற்கும் இடத்தில் அவளைக் கண்டேன். மீன் விற்றுவிட்டு வீடு திரும்பும் இரண்டு பெண்களுக்கு நடுவில் இருந்தாள். வெறுங்கால். கையில் ஒருவர் வாங்கிக் கொடுத்த பணிஸ், பாதி கடித்தபடி.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் போனேன். மூத்த பெண் தன் வெறும் பனையோலைக் கடகத்தை எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தார்.

“நில்லும் தங்கச்சி. நீர் ஆர்?”

“நான்தான் இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தனான். காணேல்லை எண்டு தேடி...”

“அதை நீர் சொல்லுறீர். பிள்ளை சொல்லட்டும்.” திரும்பி அவளிடம் கேட்டார். “மோனை, உவவைத் தெரியுமே? உவவோடை போக விருப்பமே? இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லு. நாங்கள் இருக்கிறம்.”

மாதக்கணக்காக அவளோடு பழகிய நான் ஒருநாளும் கேட்காத கேள்வி. பெயர்கூடத் தெரியாத ஒருவர், மீன் வெடுக்கோடு, பஸ் வரும் நேரத்தில், அதைக் கேட்டார்.

வதனி கொஞ்சம் யோசித்தாள். “இவவோடை போவன். ஆனால் கிறவுண்டுக்குப் போகமாட்டன்.”

பஸ் வந்தது. அவர்கள் ஏறவில்லை. அடுத்ததில் போகிறோம் என்று நடத்துநரிடம் கையை ஆட்டிவிட்டு, நாங்கள் கதைத்து முடியும்வரை கொஞ்சம் தள்ளிக் காத்திருந்தார்கள்.

“எங்கை போக வெளிக்கிட்டனீ?” என்று கேட்டேன்.

“பருத்தித்துறைக்கு. சித்தி இருக்கிறா. வீடு தெரியாது.”

“ஏன் போனனீ?”

அவள் பணிஸைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அண்டைக்குப் புதன்கிழமை நீங்கள் பிந்தி வந்தனீங்கள்.”

நான் அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

“சாமான் அறைக்குள்ளை வரச்சொன்னவர். கால் நோவுக்கு மருந்து பூசிவிடுறன் எண்டு. கதவைச் சாத்திப்போட்டுக் கையைப் பிடிச்சவர். நான் கத்தினன். திறந்து விட்டிட்டார்.” மூச்சை இழுத்தாள். “ஆருக்கும் சொன்னால் உங்களுக்கு இனிக் கிறவுண்ட் இல்லை எண்டவர். என்னாலை மற்றவைக்கும் விளையாட்டு இல்லாமல் போயிடும் எண்டு... துளசி பாவம் ரீச்சர். அவளுக்குச் சனிக்கிழமை எண்டால்தான் சிரிப்பு.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை பதின்மூன்று பேருடைய விளையாட்டுக்காக வாயை மூடிக்கொண்டு திரிந்திருக்கிறாள். நான் அவளை நன்றியில்லாதவள் என்று ஏசியிருக்கிறேன்.

“பிழை என்ரை,” என்றேன். “நீ சொன்னதை நான் நம்புறன். வேறை ஒண்டும் இப்ப யோசிக்காதை.”

அவள் மிச்சப் பணிஸைத் தின்றாள். ஸ்கூட்டியில் பின்னால் ஏறி என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

வந்த விருந்தாளிகள்

சிவமலர் அக்கா அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, இன்றைக்கும் வெட்கப்படும் ஒரு வசனத்தையும் சொன்னேன்.

“கழகத் தலைவரோடை நான் அமைதியாக் கதைச்சுப் பாக்கட்டே அக்கா?”

“இல்லை.” அவர் மேசையிலிருந்து கொப்பியை இழுத்தார். “இது கதைச்சுத் தீர்க்கிற விசயமில்லை. எழுதிக் குடுக்கவேணும். உங்கடை பிழையையும் சேர்த்து எழுதுங்கோ. நான் விட்ட பிழையையும் எழுதுறன்.”

எழுதினோம். மறுநாளே சிறுவர்களுக்குப் பொறுப்பான பெண் அதிகாரி வந்தார். பொலிசில் முறைப்பாடு போனது. வதனி ஒரு தரம்தான் முழுதாகச் சொல்லவேண்டியிருந்தது, சிவமலர் அக்காவின் கையைப் பிடித்தபடி. வழக்கு இன்னும் நடக்கிறது. ஆகவே அதைப்பற்றி இதற்குமேல் எழுத முடியாது.

எழுதக்கூடியது இது. மூன்றாம் நாள் பின்னேரம் கழகத்துப் பெரியவர்கள் மூன்றுபேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இவர் கதிரை போட்டார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். முதலில் மழையைப்பற்றிக் கதைத்தார்கள், பிறகு வெங்காய விலை. அதற்குப் பிறகுதான் விசயம் வந்தது.

“தங்கச்சி, ஊரின்ரை மானம் எண்டு ஒண்டு இருக்கு. அவர் எங்கடை பொடியன். பெண்சாதி பிள்ளை இருக்கு.”

“ஓம், தெரியும்.”

“சின்னப் பிள்ளையள் பயத்திலை ஒண்டை ஒண்டாச் சொல்லும். அதுவும் உப்பிடி ஆரும் இல்லாத பிள்ளை...”

இவர் கதை குறைந்த மனுசன். கலியாணமாகி இத்தனை வருடத்தில் ஒருவரையும் எதிர்த்துப் பேசிக் கண்டதில்லை. எழும்பிப் போய், பேசிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். பாதிதான் குடித்திருந்தார்.

“குடிச்சது காணும்,” என்றார். “நேரமாகுது. வெளிக்கிடுங்கோ.”

மற்ற இரண்டு கோப்பையையும் இவரே எடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை மைதானத்துக் கேற்றில் புதுப் பூட்டுத் தொங்கியது. கோச் என்றவன் சொல்லிப் பயமுறுத்தியபடியே நடந்துவிட்டது. பதின்மூன்று பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி சொன்னாள், “வதனியாலைதான்.” துளசி அவளைத் தள்ளி விழுத்தினாள். நான் இருவரையும் பிடித்து விலக்கினேன். பூட்டின் முன்னால் நின்றபடி உண்மையைப் பிள்ளைகளுக்கு அளவாகச் சொன்னேன். பூட்டியது பெரிய ஆட்கள். வதனி அல்ல.

அறுவடை முடிந்த தரை

அதற்குப் பிறகு ஆறேழு கிழமை விளையாட்டு இல்லை. இல்லத்துக்குப் போனால் மேசைக்குக் கீழே அந்தக் கால்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது. ஸ்கூட்டியில் ஊர் ஊராகச் சுற்றினேன். ஓர் இடத்தில் மதில் உயரம், உள்ளே நடப்பது வெளியே தெரியாது. இன்னோர் இடத்தில் பக்கத்திலேயே சாராயக் கடை. முன்பென்றால் இவற்றையெல்லாம் பார்த்திருக்கமாட்டேன். இப்போது சிவமலர் அக்காவின் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டேன். கதவு எங்கை, கக்கூசு எங்கை, ஆர் நிப்பினம்.

கடைசியில் ஒரு தோட்டக்காரப் பெண் தந்தார். வெங்காயம் கிளப்பி முடிந்த தரை, அடுத்த நடுகை வரைக்கும் சும்மா கிடக்கும். மதில் இல்லை, அறை இல்லை. ஒரு பக்கம் ரோட்டு, மூன்று பக்கமும் தோட்டங்கள். யார் வந்தாலும் பத்துப்பேர் காண்பார்கள்.

“வெங்காய மணம் போகாது, பரவாயில்லையோ?” என்று கேட்டார்.

பரவாயில்லை என்றேன். பழக்க ஓர் இளம் பெண் வந்தாள். அவளும் நானும் இரண்டுபேரும் நின்றால்தான் விளையாட்டு, ஒருவர் வராவிட்டால் இல்லை. சட்டங்களைப் பிள்ளைகளே எழுதினார்கள். ஒருவருக்கு மட்டும் பரிசு இல்லை. தனியாக ஒருவரும் யாரோடும் போவதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்.

வதனி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒவ்வொரு சனியும் போகும்போது அவளிடம், “போயிட்டு வாறம்,” என்று மட்டும் சொல்வேன். ஒரு சனி ஓட்டோவுக்குள் முதல் ஆளாக ஏறி இருந்தாள். துளசி அவள் மடியில் ஏறி இருந்துகொண்டாள்.

வலைப்பந்துக்குத் தரை சரியில்லை என்பதால் அன்று கிளித்தட்டு. தரையில் தண்ணீரால் கோடு போட்டோம். மறிப்பவள் கோட்டில் நின்று, தாண்டி ஓடுபவளைத் தொட்டால் ஆட்டமிழப்பு. நான் விசில்.

வதனி மூன்று கோடு தாண்டினாள். நாலாவதில் மறித்தவளின் கை அவள் முதுகோரம் போனதை நான் கண்டேன். விசில் ஊதினேன்.

“அவுட்!”

“இல்லை!” அவள் அப்படியே நின்றாள். “தொடேல்லை!”

“தொட்டது வதனி. நான் கண்டனான்.”

“நீங்கள் தூரத்திலை நிக்கிறியள்!” முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, தோட்டமெல்லாம் கேட்கக் கத்தினாள். “என்னைத் தொட்டதோ இல்லையோ எண்டு எனக்குத்தானே ரீச்சர் தெரியும்!”

எல்லாரும் நின்றுவிட்டார்கள். விசில் என் வாயில் இருந்தது. என்னால் ஊத முடியவில்லை. அதை எடுத்துக் கழுத்தில் தொங்கவிட்டேன்.

“ஓம்,” என்றேன். “உனக்குத்தான் தெரியும். ஓடு.”

அவள் ஓடினாள். அன்றே பிள்ளைகள் புதுச் சட்டம் ஒன்றைச் சேர்த்தார்கள். தொடப்பட்டவள் சொல்வதுதான் முடிவு. நடுவர் வாய் திறக்கக்கூடாது.

அதில் ஏமாற்று நடக்காது என்று நினைக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்துத் துளசி பிடிபட்டாள். “தொடேல்லை, தொடேல்லை!” என்று குதித்தாள். அவளுடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் ஐந்து விரலும் செம்மண்ணில் பதிந்திருந்தன.

வதனி அதைச் சுட்டிக்காட்ட வாயெடுத்தாள், முடியவில்லை. சிரிப்பில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஈரக் கோட்டின்மேலேயே உருண்டுவிட்டாள்.